டெங்கு என்எஸ்1 பயோசென்சாருக்குக் காந்தத் துகள்களைத் தயாரிக்கும் முறை

பயோசென்சார் (ரத்தத்திலுள்ள புரதம் போன்றவற்றைக் கண்டறிந்து அளக்கும் உணரி) செய்யப் பழக வருகிறவர்கள் எந்த மின்முனை, எந்தக் கருவி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் அவர்களைக் காந்தத் தாங்கியின் (குழாயிலுள்ள காந்தத் துகள்களைச் சுவரோரம் இழுத்துப் பிடிக்கும் தாங்கி) முன்னால் உட்கார வைத்துவிடுவேன். ரத்தத்தில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஒரு புரதத்தைச் சென்சார் பிடிக்குமா, பிடிக்காதா என்பதை முடிவு செய்வது துகளின் புறப்பரப்புதான். கருவியின் முறை அதற்குப் பிறகே வருகிறது. டெங்கு வைரஸின் என்எஸ்1 புரதத்தைப் பிடிக்கும் துகளைத் தயாரிப்பது, சரிபார்ப்பது, மின்முனையில் வைத்து அளப்பது ஆகிய மூன்றையும் நான் செய்கிற முறையிலேயே இங்கே எழுதுகிறேன். துகளின் மேல் பிணைக்கும் ஆன்டிபாடியை, அதாவது குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்புப் புரதத்தை, மாற்றிக்கொண்டால் வேறு புரதங்களுக்கும் இதே முறை உதவும்.

என்எஸ்1-ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாள்களிலேயே, உடல் தன் ஆன்டிபாடிகளை உருவாக்கி முடிப்பதற்கு முன்பே, அது ரத்தத்தில் கிடைக்கிறது. ஆறு அலகுகள் சேர்ந்த தொகுப்பாக, ஏறத்தாழ 300 கிலோடால்டன் எடையில் சுற்றுகிறது. அதனால் ஒரே மூலக்கூறைப் பல இடங்களில் பிடிக்கலாம். துகளோடு பிணைந்த ஓர் ஆன்டிபாடி கீழே, அடையாளம் காட்டும் இன்னொன்று மேலே, நடுவில் புரதம் என்ற ‘சாண்ட்விச்’ அமைப்புக்கு இது மிகவும் தோதானது. பழகுவதற்கு நோயாளியின் ரத்தம் வேண்டாம். தயாராகக் கிடைக்கும் என்எஸ்1 புரதத்தை வாங்கி, நலமாக உள்ளவரின் சீரத்தில் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த திரவம்) தெரிந்த அளவில் கலந்துகொள்ளுங்கள். அந்தச் சீரத்தையும் கையுறையோடுதான் கையாள வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு

பிப்பெட்டைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பயன்படுத்துவது 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள, மேற்பரப்பில் கார்பாக்சில் குழுக்கள் (ஆன்டிபாடியைப் பிணைக்க உதவும் அமில அணுக்குழுக்கள்) கொண்ட துகள். அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராம் என்று வைத்துக்கொண்டால், 1 மில்லிகிராமில் ஏறத்தாழ 100 கோடி துகள்கள் இருக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு சுமார் 33 சதுர சென்டிமீட்டர். ஓர் ஆன்டிபாடி நிற்க 10 நானோமீட்டருக்கு 10 நானோமீட்டர் இடம் வேண்டும் என்று கொண்டால், ஒரு துகளில் ஏறத்தாழ 30,000 ஆன்டிபாடிகள் நிற்கலாம். எடையில் சொன்னால், 1 மில்லிகிராம் துகளின் மேல் 8 மைக்ரோகிராம் ஆன்டிபாடி ஓர் அடுக்காகப் பரவும். நிறுவனம் தரும் குறிப்பில் அடர்த்தி வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மாதிரியின் பக்கம் வருவோம். ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்எஸ்1 உள்ள திரவத்தில் 100 மைக்ரோலிட்டர் எடுத்தால், அதில் 20 கோடி மூலக்கூறுகள் இருக்கும். அதற்குள் 20 மைக்ரோகிராம் துகள், அதாவது 2 கோடி துகள்களைப் போடுகிறோம். எல்லா என்எஸ்1-உம் பிடிபட்டாலும் ஒரு துகளுக்கு 10 மூலக்கூறுகள்தான் வரும்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு துகளின் மேல் 30,000 ஆன்டிபாடிகள். நாம் தேடும் புரதம் வெறும் 10. மிச்சப் பரப்பு முழுவதும் தேவையற்றவை வந்து ஒட்டிக்கொள்ளக் காத்திருக்கும் வெற்றிடம். சீரத்தில் ஆல்புமின் மட்டுமே மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 40 மில்லிகிராம் இருக்கிறது. அடையாளம் காட்ட நாம் பின்னால் ஊற்றும், நொதி பிணைத்த ஆன்டிபாடியும் அந்த வெற்றிடத்தில் ஒட்டப் பார்க்கும். அந்த ஒட்டல்தான் பிளாங்க் மதிப்பு, அதாவது என்எஸ்1 இல்லாமலேயே வரும் சமிக்ஞை. என் வேலையில் பாதிக்கு மேல் அந்த மதிப்பைக் கீழே இறக்குவதில்தான் போகிறது. அதில் செலவிடும் நேரத்தை நான் ஒருபோதும் வீண் என்று நினைத்ததில்லை.

ஏன் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கண்டறியும் எல்லை என்று நாம் சொல்வது, பிளாங்க் சராசரிக்கு மேல் அதன் திட்ட விலக்கத்தைப் போல் மூன்று மடங்கு. பிளாங்க் 0.40, விலக்கம் 0.04 என்றால் 0.12 அளவு உயர்ந்தால்தான் ‘இருக்கிறது’ என்று சொல்ல முடியும். பிளாங்க் 0.08 ஆகவும் விலக்கம் 0.01 ஆகவும் இறங்கிவிட்டால் 0.03 போதும். சமிக்ஞையைத் துளிகூடக் கூட்டாமல் நான்கு மடங்கு நுட்பம் கிடைத்துவிடுகிறது.

துகளைத் தேர்ந்தெடுத்தல்

கடையில் கிடைக்கும் நல்ல துகள் என்பது, மேக்னடைட் அல்லது மேகமைட் என்ற இரும்பு ஆக்ஸைடின் நுண்படிகங்கள் பாலிஸ்டைரீன் போன்ற பாலிமருக்குள் பரவிக் கிடக்கும் உருண்டை. அந்தப் படிகங்கள் ஏறத்தாழ 20 நானோமீட்டருக்குக் கீழ் இருப்பதால், காந்தத்தை அருகில் கொண்டுபோனால் இழுபடும். எடுத்துவிட்டால் காந்தத்தன்மை நின்றுவிடும். சூப்பர்பாராகாந்தத்தன்மை என்பது இதுதான். இது இல்லாவிட்டால் முதல் முறை காந்தத்தில் வைத்ததுமே துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும். ஒரே அளவான பாலிஸ்டைரீன் உருண்டைகளைச் செய்யும் முறையை 1970களில் நார்வேயின் ட்ரோண்ட்ஹைமில் ஜான் உகல்ஸ்டாட் கண்டுபிடித்தார். இன்று மருத்துவமனைகளில் தைராய்டு முதல் மாரடைப்புக் குறிப்பான்கள் வரை அளக்கும் தானியங்கிக் கருவிகள் பலவற்றின் உள்ளே சுழல்வது இந்த வகைத் துகள்கள்தான்.

1 மைக்ரோமீட்டரா, 2.8 மைக்ரோமீட்டரா என்று கேட்டால், புரதங்களுக்கு நான் 1 மைக்ரோமீட்டரை எடுப்பேன். ஒரே எடையில் பரப்பு அதிகம், அடியில் படியவும் நேரமாகும். 100 நானோமீட்டர் துகளில் பரப்பு இன்னும் அதிகம்தான். ஆனால் சாதாரணத் தாங்கியில் அதைப் பிரித்தெடுக்க வெகுநேரம் காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலையும். பழகுகிறவர்களுக்கு அது வேண்டாம்.

ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பூசிய துகளை வாங்கி, அது இறுகப் பிடிக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் ஒட்டிய ஆன்டிபாடியைச் சேர்த்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுமே என்று கேட்பார்கள். முடியும். சகப்பிணைப்பு (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து சேரும் வேதிப்பிணைப்பு) அல்லாதவற்றில், அந்தப் பிணைப்பு இயற்கையில் கிடைக்கும் மிக வலுவான பிணைப்புகளில் ஒன்று. ஆனால் முடி வளரவும் நகம் உறுதியாகவும் பயோட்டின் மாத்திரைகளை அதிக அளவில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் சீரத்தில் இருக்கும் பயோட்டின், ஸ்ட்ரெப்டாவிடினின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சாண்ட்விச் சோதனையில் முடிவு பொய்யாகக் குறைந்துவிடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதைப் பற்றி 2017-இல் எச்சரிக்கையே வெளியிட்டது. ஒரு மரணத்தையும் அதில் குறிப்பிட்டிருந்தது. ஆகவே நோயாளியின் ரத்தம் நேராகத் தொடும் பரப்பில் சகப்பிணைப்பையே நான் வற்புறுத்துகிறேன். சீரத்தைக் கழுவி நீக்கிய பிறகு, அடையாளம் காட்டும் படியில் பயோட்டினைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

வாங்க வேண்டியவை, கவனிக்க வேண்டியவை

ஆன்டிபாடி வாங்கும்போது அது எந்தக் கரைசலில் வருகிறது என்பதைக் கட்டாயம் படியுங்கள். கரைசலில் வழக்கமாகச் சேர்க்கும் டிரிஸ், கிளைசின் இரண்டிலும் அமீன் குழு, அதாவது துகளின் கார்பாக்சிலோடு பிணையும் நைட்ரஜன் குழு, உண்டு. ஆன்டிபாடிக்கு முன்பே அவை துகளோடு பிணைந்துவிடும். இவற்றை உப்பு நீக்கும் சிறு நெடுவரிசையில் ஓட்டி நீக்கிவிடலாம். ஆனால் நிலைநிறுத்துவதற்காகப் பிஎஸ்ஏ என்ற மாட்டு ஆல்புமினைச் சேர்த்திருந்தால் அந்த வழி உதவாது. அதன் எடை 66 கிலோடால்டன். உப்பு நீக்கும் நெடுவரிசையில் ஆன்டிபாடியோடு சேர்ந்தே வெளியே வரும். ‘பிஎஸ்ஏ இல்லாதது’ என்று கேட்டு வாங்குங்கள்.

பிணைப்புக்கு இரண்டு வேதிப்பொருள்கள் தேவை. ஒன்று இடிசி என்ற கார்போடைஇமைடு. மற்றொன்று என்எச்எஸ், அதாவது என்-ஹைட்ராக்ஸி சக்சினிமைடு. இடிசிதான் இந்த வேலையில் மிக எளிதில் கெட்டுப்போகும் பொருள். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு செயலிழந்துவிடும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். வாங்கியவுடன் சிறு சிறு குப்பிகளில் பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். எடுக்கும்போது குப்பி அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த தூளின் மேல் காற்றின் ஈரம் நீராகப் படியும். தூள் பிசுபிசுப்பாகவோ கட்டியாகவோ இருந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். தோலில் பட்டால் ஒவ்வாமை தரும் பொருள் என்பதால் கையுறை அவசியம்.

பஃபருக்கு, அதாவது பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலுக்கு, எம்இஎஸ் என்ற உப்பு, 25 மில்லிமோலார், பிஎச் 6.0. இதில் பிணையக்கூடிய அமீனும் கிடையாது, கார்பாக்சிலும் கிடையாது. பிணைப்பில் குறுக்கே வராது. அழுத்தக் கொதிகலனில் வைத்தால் மஞ்சளாகிவிடும். அதனால் 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிணைக்கும் நாள்

1 மில்லிகிராம் துகளுக்குச் சொல்கிறேன். துகள் புட்டியைக் கவிழ்த்துக் கவிழ்த்து, அடியில் பழுப்புப் படிவு எதுவும் தெரியாமல் போகும்வரை கலக்குங்கள். புரதம் ஒட்டாத வகைக் குழாய் ஒன்றில், மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் உள்ள கரைசலில் 100 மைக்ரோலிட்டர் எடுங்கள். காந்தத் தாங்கியில் வைத்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். திரவம் இன்னும் கலங்கலாக இருந்தால் மேலும் காத்திருங்கள். தெளிவாகத் தெரிந்த பிறகே உறிஞ்ச வேண்டும். பிப்பெட் முனை காந்தத்துக்கு எதிர்ச்சுவரில் இருக்கட்டும். குளிர்ந்த எம்இஎஸ் 500 மைக்ரோலிட்டரால் இரண்டு முறை கழுவுங்கள். எந்தப் படியிலும் துகள் காய்ந்துபோக விடக்கூடாது. காய்ந்த துகள் மறுபடி முழுதாகப் பிரியாது.

கழுவிய துகளைக் கையில் வைத்துக்கொண்டே இடிசியையும் என்எச்எஸ்ஸையும் குளிர்ந்த எம்இஎஸ்ஸில் தனித்தனியாகக் கரையுங்கள். ஒவ்வொன்றும் மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். முன்கூட்டியே கரைத்து வைக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் 50 மைக்ரோலிட்டரைத் துகளோடு சேர்த்து, சுழலியில் மெதுவாக 30 நிமிடம் சுற்றவிடுங்கள்.

அந்த அரை மணி நேரத்தில் நடப்பது இதுதான். இடிசி கார்பாக்சிலைத் தொட்டு, எளிதில் உடையும் ஓர் இடைநிலைப் பொருளாக மாற்றுகிறது. அதைத் தனியே விட்டால் நீர் உடைத்துப் பழைய கார்பாக்சிலாக்கிவிடும். என்எச்எஸ் அதன் இடத்தைப் பிடித்து, கொஞ்சம் பொறுமையான எஸ்டராக மாற்றுகிறது. அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு. பிஎச் 7, பூஜ்யம் டிகிரி என்றால் என்எச்எஸ் எஸ்டரின் அரை ஆயுள் 4 முதல் 5 மணி நேரம். பிஎச் 8.6 ஆகிவிட்டால், 4 டிகிரியிலும் 10 நிமிடம்தான். புத்தகத்தில் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதியிருந்தால் அது 20, 25 டிகிரி. மே மாதத்தில் குளிர்சாதனம் நின்றுபோன நம் ஆய்வகத்தின் அறை வெப்பநிலை வேறு. நீராற்பகுப்பு வெப்பத்தோடு வேகமெடுக்கும். ஆகவே ஆன்டிபாடியைச் சேர்க்கும்வரை பஃபர், குழாய் எல்லாவற்றையும் பனிக்கட்டியில் வைத்து வேலை செய்யுங்கள். சுற்றும் நேரத்தில் ஆன்டிபாடியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

30 நிமிடம் முடிந்ததும் குளிர்ந்த எம்இஎஸ்ஸால் இரண்டு முறை விரைவாகக் கழுவி, உடனே 15 மைக்ரோகிராம் ஆன்டிபாடியை 100 மைக்ரோலிட்டர் எம்இஎஸ்ஸில் கரைத்துச் சேருங்கள். கழுவுவதற்குக் காரணம், மிச்ச இடிசி இருந்தால் அது ஆன்டிபாடியின் கார்பாக்சிலையும் கிளப்பிவிடும். ஆன்டிபாடி ஆன்டிபாடியோடு பிணையும், துகள்கள் கட்டியாகும். எல்லாவற்றையும் ஒரே குழாயில் கொட்டிக் கலக்கும் ஒருபடி முறையை நான் ஆதரிப்பதில்லை.

பிஎச் 6-ஐத் தேர்ந்தெடுத்ததிலும் அர்த்தம் இருக்கிறது. துகளின் கார்பாக்சில்கள் அங்கே எதிர்மின்சுமையோடு இருக்கும். பெரும்பாலான ஆன்டிபாடிகளின் சமமின் புள்ளி, அதாவது மொத்த மின்சுமை பூஜ்யமாகும் பிஎச், 6-க்கு மேல். அதனால் அவை நேர்மின்சுமை கொண்டிருக்கும். மின்கவர்ச்சியால் ஆன்டிபாடி தானாகத் துகளின் அருகே குவிந்து, பிறகு பிணைகிறது. உங்கள் ஆன்டிபாடியின் சமமின் புள்ளி 6-க்கு அருகிலேயே இருந்தால் பிஎச்சை 5-க்கு இறக்கிப் பாருங்கள்.

மெதுவாகச் சுற்றவிட்டு அறை வெப்பநிலையில் 2 மணி நேரம். பிறகு காந்தத்தில் வைத்து, மேலே நிற்கும் திரவத்தை எறியாமல் தனிக் குழாயில் எடுத்துப் பெயர் எழுதி வையுங்கள். அது பிறகு தேவைப்படும். துகளின் மேல் இன்னும் மிச்சமிருக்கும் எஸ்டர்களை எத்தனாலமீன் 50 மில்லிமோலார், பிஎச் 8.0 கரைசலில் ஒரு மணி நேரம் வைத்து மூடுங்கள். கடைசியாக, 0.1 சதவீதம் பிஎஸ்ஏ, 0.05 சதவீதம் ட்வீன்-20 (தேவையற்ற ஒட்டலைக் குறைக்கும் சோப்பு போன்ற பொருள்) சேர்த்த பாஸ்பேட் உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவி, அதே கரைசலில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில் 4 டிகிரியில் வையுங்கள். உறைய வைக்காதீர்கள். பூஞ்சை வராமலிருக்க 0.02 சதவீதம் சோடியம் அசைடு சேர்க்கலாம். ஆனால் அசைடு, அடையாளம் காட்டும் ஆன்டிபாடியில் பிணைத்திருக்கும் எச்ஆர்பி நொதியை முடக்கும். சோதனைக்கு எடுக்கும் துகளை முதலில் நன்கு கழுவிக்கொள்ள வேண்டும்.

15 மைக்ரோகிராமுக்குப் பதில் 50 போட்டால் இன்னும் நல்லதுதானே என்ற கேள்வி எப்போதும் வரும். நெரிசலான பஸ்ஸில் கையை நீட்ட முடியாததுபோல, நெருக்கி அடுக்கிய ஆன்டிபாடியின் கைகளுக்கு 300 கிலோடால்டன் என்எஸ்1-ஐப் பிடிக்க இடம் கிடைக்காது. மேலும் பணமும் வீண். 5, 10, 15, 25 மைக்ரோகிராம் என்று நான்கு குழாய்களில் ஒரே நாளில் பிணைத்து, ஒரே என்எஸ்1 மாதிரியில் சோதித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

இந்த முறையில் ஆன்டிபாடி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது நம் கையில் இல்லை. பிணைப்பது லைசின் அமினோ அமிலத்தின் அமீன். லைசின்கள் ஆன்டிபாடி முழுவதும் பரவிக் கிடக்கின்றன. சில மூலக்கூறுகள் பிடிக்கும் கைகளாலேயே துகளோடு ஒட்டிச் செயலற்றுப் போகும். ஆன்டிபாடிகளைப் பிடிக்கும் புரோட்டீன் ஜி என்ற புரதம் பூசிய துகள், ஆன்டிபாடியின் அடிப்பகுதியைப் பிடிப்பதால் கைகள் வெளியே நிற்கும். ஆனால் அதே புரோட்டீன் ஜி, சீரத்திலுள்ள மனித ஆன்டிபாடிகளையும் பின்னால் ஊற்றும் நொதி ஆன்டிபாடியையும் விடாமல் பிடிக்கும். பிளாங்க் எகிறிவிடும். கணக்கில் பார்த்தால் 30,000-இல் பாதி செயலற்றுப் போனாலும் 10 என்எஸ்1-ஐப் பிடிக்க மிச்சம் தாராளம். அதனால் இங்கே திசைக்காக நான் மெனக்கெடுவதில்லை.

பிணைந்ததா என்று பார்த்தல்

எடுத்து வைத்த திரவத்தில் எவ்வளவு ஆன்டிபாடி மிச்சம் இருக்கிறது என்று அளந்தால், பிணைந்த அளவு கழித்தலில் கிடைக்கும். இங்கே ஒரு குழி இருக்கிறது. புரதத்தை 280 நானோமீட்டரில் அளப்பது எல்லாரும் கைவசம் வைத்திருக்கும் முறை. மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆன்டிபாடி ஏறத்தாழ 1.4 காட்டும். ஆனால் என்எச்எஸ்ஸும் 260 முதல் 280 வரை வெளிச்சத்தை வலுவாக உறிஞ்சும். துகளை எவ்வளவு கழுவினாலும், எஸ்டர்கள் பிணையும்போதும் நீரால் உடையும்போதும் புதிதாக என்எச்எஸ் வெளியேறி அதே திரவத்தில்தான் கலக்கிறது. விளைவு, போட்ட ஆன்டிபாடியைவிட மிச்சம் அதிகம் என்று கருவி காட்டும். இதைப் பார்த்துப் பிணைப்பே நடக்கவில்லை என்று நினைத்து நல்ல துகளைக் கொட்டிவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம் தரும் விஷயம். பிராட்ஃபோர்டு சாயமுறையில் அளந்தால் இந்தத் தொல்லை கிடையாது. 280-இல்தான் அளக்க வேண்டும் என்றால், இடிசி, என்எச்எஸ் கொண்டு கிளர்த்திய துகளை ஆன்டிபாடி இல்லாமல் அதே 2 மணி நேரம் அதே பஃபரில் சுற்றவிட்டு, அந்தத் திரவத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

அளவு தெரிந்தால் மட்டும் போதாது. பிணைந்தது வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கு முன் ஒரு சொட்டுத் துகளைக் கண்ணாடிச் சில்லில் விட்டு 40 மடங்கு லென்ஸில் பாருங்கள். 1 மைக்ரோமீட்டர் துகள் தெளிவாகத் தெரியும். தனித்தனியாக நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு மூன்றாக அங்கங்கே ஒட்டியிருந்தால் பரவாயில்லை, கொத்துக் கொத்தாக இருந்தால் மேலே போகாதீர்கள். ட்வீனைச் சற்றுக் கூட்டி மெல்லக் கலக்கிப் பாருங்கள். பிரியாவிட்டால் அந்தத் தொகுதியை விட்டுவிடுவதே நல்லது. மீயொலித் தொட்டியில் பிரிக்கலாம்தான். ஆனால் அதை ஆன்டிபாடி சேர்ப்பதற்கு முன் செய்யுங்கள். பிறகு செய்தால் புரதம் சிதையக்கூடும்.

சோதனையும் நான்கு காவலர்களும்

கழுவிய துகள் 20 மைக்ரோகிராம், பத்து மடங்கு நீர்த்த சீரம் 100 மைக்ரோலிட்டர், 30 நிமிடம் சுழற்சி. மூன்று கழுவல். எச்ஆர்பி நொதி பிணைத்த இரண்டாவது என்எஸ்1 ஆன்டிபாடி 100 மைக்ரோலிட்டர், 30 நிமிடம். மறுபடி மூன்று கழுவல். பிறகு டிஎம்பி, அதாவது எச்ஆர்பி நொதி நீலமாக்கும் வேதிப்பொருள். நீலம் எழும்போது அமிலம் விட்டால் மஞ்சளாகும். துகளைக் காந்தத்தில் ஒதுக்கிவிட்டுத் தெளிந்த திரவத்தை மட்டும் 450 நானோமீட்டரில் படியுங்கள். துகள் கலந்திருந்தால் அதுவே வெளிச்சத்தைச் சிதறடிக்கும்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத படி ஒன்று. டிஎம்பி சேர்ப்பதற்கு முன், கடைசிக் கழுவலின்போது துகள்களைப் புதிய குழாய்க்கு மாற்றிவிடுங்கள். நொதி ஆன்டிபாடி துகளில் மட்டும் ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக் சுவரிலும் ஒட்டுகிறது. அங்கே ஒட்டியதைக் காந்தம் வைத்துக் கழுவும் எந்தக் கழுவலும் முழுதாக நீக்காது. பழைய குழாயிலேயே டிஎம்பியை ஊற்றினால் சுவரும் சேர்ந்து நீலமாகும். மாற்றி ஊற்ற அரை நிமிடம் ஆகும். பிளாங்க் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒவ்வொரு முறையும் நான்கு கட்டுப்பாட்டுக் குழாய்கள் வேண்டும். ஆன்டிபாடித் துகள், என்எஸ்1 இல்லாத சீரம் என்பது ஒன்று. நம் என்எஸ்1 ஆன்டிபாடிகளைப் போலவே எலியிலிருந்து வந்த, ஆனால் என்எஸ்1-உடன் தொடர்பில்லாத வேறொரு ஆன்டிபாடி பிணைத்த துகளும் என்எஸ்1 உள்ள சீரமும் இரண்டாவது. பிஎஸ்ஏ மட்டும் பிணைத்த துகள் மூன்றாவது. துகளே இல்லாத குழாய் நான்காவது. நான்காவது உயர்ந்தால் குற்றவாளி பிளாஸ்டிக் சுவர். முதல் இரண்டோடு மூன்றாவதும் சேர்ந்து உயர்ந்தால் துகளின் பரப்பு சரியாக மூடப்படவில்லை. பரப்பை மூடப் பால் புரதமான கேசினை முயன்று பாருங்கள், ட்வீனை 0.1 சதவீதம் வரை கூட்டுங்கள். மூன்றாவது தாழ்ந்து, முதலாவதும் இரண்டாவதும் மட்டும் உயர்ந்தால் வேறு கதை. சிலரது ரத்தத்தில் எலி ஆன்டிபாடியைப் பிடிக்கும் மனித ஆன்டிபாடிகள் இருக்கும். அவை என்எஸ்1 இல்லாமலேயே கீழும் மேலும் பிடித்துப் பாலம் போட்டுவிடும். சீரத்தை நீர்க்கும் கரைசலில் சாதாரண எலி ஆன்டிபாடியைச் சேர்த்தால் அவை அதோடு பிணைந்து ஒதுங்கிவிடும். இந்த நான்கு குழாய்களுக்கு ஆகும் செலவைப் பார்த்துச் சோம்பல் படாதீர்கள். எங்கே தேடுவது என்று சொல்லிக்கொடுப்பவை இவைதான்.

துகளின் எடையையும் மாற்றிப் பாருங்கள். துகளைக் குறைத்தால் ஒவ்வொரு துகளுக்கும் கிடைக்கும் என்எஸ்1 கூடும், ஒட்டுவதற்கான வெற்றுப் பரப்பும் குறையும். மிகவும் குறைத்தால் என்எஸ்1 துகளைத் தேடி வந்து சேரவே நேரமாகும். இரண்டுக்கும் நடுவில் உங்கள் மாதிரிக்கான இடம் இருக்கும்.

இன்னொரு விஷயம், டெங்கு இரண்டாவது முறை வந்தவர்களின் ரத்தத்தில் பழைய ஆன்டிபாடிகள் என்எஸ்1-ஐ முன்பே போர்த்திக்கொண்டிருக்கும். சென்சார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே சமிக்ஞை குறையும். சுத்தமான சீரத்தில் கிடைத்த எண்ணை நோயாளிகளுக்கு அப்படியே நீட்டிச் சொல்லக் கூடாது.

மின்முனைக்கு மாற்றுதல்

டிஎம்பியில் எல்லாம் ஒழுங்காக வந்த பிறகுதான் மின்முனைக்குப் போக வேண்டும். இந்தப் பகுதி எளிது. அச்சிட்ட கார்பன் மின்முனையின் அடியில், செயல்படும் வட்டத்துக்கு நேர் கீழே, ஒரு சிறு நியோடிமியம் காந்தத்தை வைத்து, துகள் கலந்த 45 மைக்ரோலிட்டர் சொட்டை மேலே விடுங்கள். பழுப்பு வட்டமாகத் துகள்கள் படியும். அதிகம் படிந்தால் அடுக்கே தடையாகி மின்னோட்டம் குறையும். வெள்ளி ஒப்புமின்முனைக்கு எதிராக மைனஸ் 0.2 வோல்ட் கொடுத்து, 1 மில்லிமோலார் ஹைட்ரோகுயினோன் கரைசலில் அடிப்படை மின்னோட்டம் நிலைபெறக் காத்திருந்து, ஹைட்ரஜன் பெராக்ஸைடைச் சேருங்கள். எச்ஆர்பி நொதி ஹைட்ரோகுயினோனைக் குயினோனாக்கும். மின்முனை அதைத் திரும்ப ஒடுக்கும். அந்த மின்னோட்டமே உங்கள் அளவு. ஹைட்ரோகுயினோன் கரைசல் காற்றில் பழுப்பாகிவிடும் என்பதால் அன்றன்று கரைக்க வேண்டும்.

ஆன்டிபாடி மின்முனையில் இல்லை, துகளில் இருக்கிறது என்பதுதான் இந்த அமைப்பின் பெரிய வசதி. சீரம் மின்முனையைத் தொடுவதே இல்லை. பரப்பு வேதியியல் முழுவதும் குழாயிலேயே முடிந்துவிடுகிறது.

புதிய தொகுதி பிணைக்கும்போது பழைய தொகுதியில் ஒரு குழாயாவது மிச்சம் வைத்திருங்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே சீரத்தில், பூஜ்யம் உட்பட ஐந்து என்எஸ்1 அளவுகளில் ஓட்டி, இரண்டு வளைவுகளையும் ஒரே வரைதாளில் போடுங்கள். சரிவு மாறியிருந்தால் ஆன்டிபாடியின் அளவிலும் இடிசியின் குப்பியிலும் தேடுங்கள். பூஜ்யப் புள்ளி மட்டும் உயர்ந்திருந்தால் எத்தனாலமீன் படியிலும் கழுவலிலும் தேடுங்கள். காரணம் தெரியாதவரை பழைய குழாயைக் காலி செய்யாதீர்கள்.